சிலேபித் தொட்டிக்கு வாங்கிய நுண்குமிழி பம்ப்: ஏழு மாதக் கணக்கு

"என்னா பிள்ளே, தொட்டியில பாலைக் கவுத்திட்டியா?"

பால்வெட்டு முடிந்து வாளியோடு வந்த வீட்டுக்காரர் கேட்டது இது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஷீட் அடிக்கத் தட்டில் ஊற்றி, தண்ணீரும் ஆசிடும் கலந்து வைத்த ரப்பர் பால் எப்படி இருக்குமோ, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய சிமெண்ட் தொட்டி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. கையை விட்டால் முழங்கைக்குக் கீழே விரல் தெரியவில்லை. பம்பை நிறுத்திவிட்டு, "பாலும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. வெறும் காத்து. பாத்துக்கிட்டே நில்லுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. அவர் நம்பினாரோ இல்லையோ, "38,000 ரூவாக்கு காத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தக் கேள்விக்கு ஏழு மாதம் கழித்து எனக்குக் கிடைத்த பதில்தான் இது. இந்தப் பம்பை வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லி வாய் வலிக்கிறது. கம்பெனிப் பெயரும் கடைப் பெயரும் போடப்போவதில்லை. இந்த வகைப் பம்ப் எல்லாமே உள்ளே ஒன்றுதான், பெயிண்ட்தான் வேறு.

முதலில் நான் யார், எதற்கு வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேப் அசிஸ்டெண்டாக இருந்து 2021-இல் ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். திருவட்டாருக்குப் பக்கத்தில் 18 சென்ட் புரையிடம். பின்னால் ரப்பர், முன்னால் நாலு தெங்கு, நடுவில் 4 மீட்டர் அகலத்தில் வட்டமான தார்ப்பாய்த் தொட்டி. தண்ணீர் 1.2 மீட்டர் நிற்கும், கணக்குப் போட்டால் 15,000 லிட்டர். அதில் 450 கிப்ட் திலேப்பியா, அதாவது வேகமாக வளரத் தேர்ந்தெடுத்து மேம்படுத்திய வளர்ப்பு ரகம். நம்ம ஊர்ப் பேச்சில் சிலேபி. பயோஃபிளாக் முறை, அதாவது தண்ணீரை மாற்றாமல் மீன் கழிவைப் பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுத்து, அந்தப் பாக்டீரியாத் திப்பியை மீனுக்கே தீனியாக விடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மீனும் மூச்சு விடும், திப்பியும் மூச்சு விடும். இரண்டுக்கும் ஆக்சிஜன் ஒரே தண்ணீரிலிருந்துதான்.

இருந்தது இரண்டு ஏர் பம்ப், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 70 லிட்டர் காற்றுத் தள்ளும், அதில் மாட்டிய பன்னிரண்டு ஏர் ஸ்டோன், அதாவது காற்றைக் குமிழியாக விடும் நுண்துளைக் கல். மீன் கால் கிலோவைத் தொட்ட சமயத்தில் விடியற்காலையில் சிக்கல் ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறைவதே இல்லை. அந்தச் சூட்டில் தண்ணீர் முழுசாக நிறைந்தாலும் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். 20 டிகிரியாக இருந்தால் 9.1 பிடித்திருக்கும். தண்ணீர் சூடாக ஆக மீனின் பசியும் மூச்சும் கூடும், தண்ணீரின் கொள்ளளவோ குறையும். போதாததற்கு இரவில் பாசியும் ஆக்சிஜனை வாங்கத்தான் செய்யும், கொடுக்காது.

ஆக்சிஜன் அளக்க மீட்டர் வாங்கவில்லை. லேப் பழக்கம் விடாததால் விங்க்ளர் முறைதான். ஹங்கேரிக்காரர் லயோஷ் விங்க்ளர் 1888-இல் சொன்னது, இன்றைக்கும் மீட்டர் சரியா தப்பா என்று பார்க்க இதைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். குப்பியில் காற்றுப் படாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால் பழுப்பாகத் திரளும். அமிலம் விட்டால் அயோடின் நிறத்தில் கரையும். அப்புறம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் நீலம் மறையும் இடத்தில் நிறுத்தணும். பயோஃபிளாக் தண்ணீரில் நைட்ரைட் இருக்கும், அது கணக்கைக் கூட்டிக் காட்டும் என்பதால் அசைடு சேர்த்த கரைசல் வேண்டும். திப்பியைப் படிகாரம் போட்டு அடக்கவும் வேண்டும். 31 வருஷம் பிள்ளைகளுக்குப் பியூரெட் கழுவிக் கொடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காலை நாலரைக்கு அவர் வெட்டுக்கத்தியும் தலையில் லைட்டுமாக இறங்கும்போது நான் குப்பியோடு இறங்குவேன். வந்த அளவு லிட்டருக்கு 3.4 மில்லிகிராம். சிலேபி இதில் சாகாது, ஆனால் தின்னாது, வளராது. 5-க்கு மேல் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நாகர்கோவிலில் ஒரு கடையில் இந்தப் பம்பைப் பார்த்தேன். ஒரு குதிரைத் திறன் மோட்டார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தலை, பக்கத்தில் காற்று அளவு காட்டும் சின்னக் கண்ணாடிக் குழாய், முனையில் பித்தளை நாசில். "டீச்சர், இது நானோ டெக்னாலஜி. ஒரு தடவை போட்டா ஆக்சிஜன் மூணு நாளைக்குத் தண்ணியில நிக்கும்" என்றான் கடைப் பையன். மூன்று நாள் என்பது 450 சிலேபிக்குத் தெரியாதே தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வாங்கினேன். காரணம் அவன் பேச்சு இல்லை, நான் படித்துவைத்திருந்த கணக்கு.

அந்தக் கணக்கு இது. ஒரு லிட்டர் காற்றை 3 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால், எல்லாக் குமிழியின் தோலையும் உரித்துப் பரப்பினால் 2 சதுர மீட்டர் வரும். ஒரு பாய் விரிக்கிற இடம். அதே ஒரு லிட்டரை 40 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குமிழியாக உடைத்தால் 150 சதுர மீட்டர், அதாவது 3.7 சென்ட். நம்ம பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு வீடே வைத்துவிடுவார்கள். ஆக்சிஜன் அந்தத் தோல் வழியாகத்தான் தண்ணீருக்குள் போகிறது என்பதால், தோல் கூடினால் போக்கும் கூடும்.

அடுத்தது நேரம். கல்லிலிருந்து வரும் 3 மில்லிமீட்டர் குமிழி நொடிக்குக் கால் மீட்டர் வீதம் ஏறும். என் தொட்டியில் நாலைந்து நொடிக்குள் மேலே வந்து பட்டென்று உடைந்து, கொண்டுவந்த ஆக்சிஜனைப் பெரும்பாலும் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். 40 மைக்ரான் குமிழி நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் ஏறும். அசையாத தண்ணீரில் அது மேலே வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பெரும்பாலும் கரைந்தே போய்விடும். குமிழி சிறுக்கச் சிறுக்க உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் கூடும். நீரின் மேற்பரப்பு இழுவிசை சின்ன உருண்டையை இறுக்கிப் பிழிவதால் வருவது அது. கடைசி நேரத்தில் குமிழி ஓட்டமாகக் கரையும்.

பம்ப் வேலை செய்யும் விதம் கோலி சோடா மாதிரி. உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீரோடு கொஞ்சம் காற்றையும் இழுத்து, உள்ளே நாலு மடங்கு காற்றழுத்தத்தில் சேர்த்து நசுக்கும். அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் சொன்ன விதிதான். பிறகு நாசிலில் அழுத்தம் சட்டென்று விழும்போது, கரைந்த காற்று தாங்காமல் நுண்ணிய குமிழியாக வெளியே வரும். கோலியை உள்ளே தள்ளினால் புஸ்ஸென்று வருமே, அதே சங்கதி.

வந்த அன்றே கடைக்காரனின் "நானோ"வைச் சோதித்தேன். இதற்கு ஒரு அளவு ஜாடியும் ஒரு கடிகாரமும் போதும், வாங்குகிறவர்கள் கடையிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளைத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிடித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் மேலிருந்து தெளியும், இது அடியிலிருந்து தெளிகிறது, ஏனென்றால் தூள் இறங்கும், குமிழி ஏறும். முழுக்கத் தெளிய 3 நிமிடம் 50 நொடி ஆனது. அந்த வேகத்தைக் கணக்கில் போட்டால் குமிழி சுமார் 40 மைக்ரான். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பாதி. 2017-இல் வந்த ஐஎஸ்ஓ 20480 தரக்குறிப்புப்படி ஒரு மைக்ரானுக்குக் கீழே இருந்தால்தான் அதிநுண் குமிழி. வியாபாரத்தில் நானோ என்று சொல்வது அதைத்தான். அவ்வளவு சின்னதாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். பால் மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது என்றாலே அந்த வெள்ளைக்குக் காரணம் நானோ இல்லை. கடையில் அந்த வெள்ளையைக் காட்டித்தான் நானோ என்று விற்கிறார்கள், என்ன செய்ய.

இதற்காகப் பம்பைக் குறை சொல்லவில்லை. 40 மைக்ரானே எனக்குப் போதும். காகிதத்தில் போட்ட பெயர்தான் பொய், குமிழி பொய் இல்லை.

தொட்டியில் வைத்த முதல் இரவே பலன் தெரிந்தது. பயோஃபிளாக் தண்ணீர் ஏற்கெனவே பழுப்பு என்பதால் நாசில் பக்கம் பால் கூடிப்போன சாயா நிறம். விடியற்காலை அளவு 5.8. ஒரு மீன் மேலே நிற்கவில்லை. வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆசை விட்டதா? இது இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, பழைய ஏர் பம்ப் எதற்கு என்று அதை நிறுத்தினேன். அன்று இரவு மேல் தண்ணீரில் 5.2 இருந்தது. ஆனால் மீன் மறுபடியும் மூச்சு வாங்கியது. அடியிலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தால் 2.7, திப்பி முழுக்கக் கீழே உட்கார்ந்துவிட்டது. அமிலக் காரச் சோதனையில் பிஹெச் முந்தின நாள் 7.3, அன்று காலை 6.7. அப்போதுதான் ஒன்று உறைத்தது. மூச்சு என்றால் வாங்குவது மட்டும் இல்லை, விடுவதும்தான். மீனும் பாக்டீரியாவும் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை விட்டு வெளியே போகவேண்டும். பெரிய குமிழி ஏறும்போது அதையும் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே போய் உடையும். காலியாகப் போகிற லாரி திரும்பும்போது சரக்கு ஏற்றுவது மாதிரி. நுண்குமிழியோ தானே கரைந்துபோகிறது, பிறகு எதைத் தூக்கிக்கொண்டு போகும்? தண்ணீரைக் கலக்கிவிடும் வேலையையும் ஏர் ஸ்டோன் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தது எனக்கு அது நின்றபிறகுதான் தெரிந்தது. அன்றே மறுபடி போட்டுவிட்டேன். யார் இந்தப் பம்பை வாங்கினாலும் ஏர் ஸ்டோனைக் கழற்றாதீர்கள்.

அடுத்தது நான் செய்த பெரிய மடத்தனம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 200 குஞ்சு வாங்கி, முதல் நாள் பழக்குவதற்கு அந்தச் சிமெண்ட் தொட்டியில் விட்டிருந்தேன், 500 லிட்டர் தண்ணீர்தான். குஞ்சுக்கு நல்லது செய்கிறேன் என்று இந்தப் பம்பின் நாசிலை அதில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். வந்து பார்த்தால் துடுப்பு ஓரமெல்லாம் பனித்துளி மாதிரிக் குமிழி, சிலதுக்குக் கண் பிதுங்கி, மல்லாக்க மிதக்கிறது. 63 போய்விட்டது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். பம்ப் ஆக்சிஜனை மட்டும் பார்த்துப் பார்த்துக் கரைக்காது, நைட்ரஜனையும் சேர்த்து நசுக்கி ஏற்றும். மீன் ஆக்சிஜனைச் செலவழிக்கும், நைட்ரஜனை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தண்ணீரில் வாயு அளவுக்கு மீறி நிறைந்தால் அது இரத்தத்துக்குள்ளே குமிழியாக வெளிவரும். கடலில் ஆழத்துக்கு மூழ்கி வேகமாக மேலே வருகிறவர்களுக்கு வருகிற அதே கோளாறு. பெரிய தொட்டியில் எனக்கு இது வரவில்லை. தண்ணீர் அதிகம் என்பது ஒரு காரணம், கூடவே ஏர் ஸ்டோன் ஓடி மிச்சத்தை வெளியேற்றியது இன்னொரு காரணம். இந்த எச்சரிக்கை பம்போடு வந்த புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. பக்கம் பக்கமாக நானோ மட்டும் இருக்கிறது.

இனி காசு. வீட்டு மீட்டரில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு 0.9 யூனிட். இரவில் 12 மணி நேரம் ஓட்டினால் மாதம் 324, இரண்டு மாத பில்லில் 648 யூனிட் கூடுதல். ஸ்லாபும் ஏறும், அதோடு வீட்டுக்காரரின் குரலும் ஏறும். இரண்டு ஏர் பம்பும் சேர்ந்து மணிக்கு 0.2 யூனிட்தான்.

கண்ணாடிக் குழாயில் பம்ப் இழுக்கும் காற்று நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று காட்டுகிறது, மணிக்கு 300. நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் காற்றில் 0.27 கிராம் ஆக்சிஜன் இருக்கும். அப்படியென்றால் 300 லிட்டரில் 81 கிராம். ஒரு பொட்டு வீணாகாமல் முழுக்கக் கரைந்தாலும் அவ்வளவுதான், அதற்கு மேல் கொடுக்கக் குமிழிக்குள் சரக்கு இல்லை. ஏர் பம்ப் இரண்டும் மணிக்கு 8,400 லிட்டர் காற்றைத் தள்ளுகின்றன. ஒரு மீட்டர் ஆழத்தில் கல்லுக் குமிழியிலிருந்து நூற்றுக்குச் சில பங்கு ஆக்சிஜன்தான் கரையும், என் அழுக்குத் தண்ணீரில் இரண்டே பங்கு என்று வைத்தாலும் 45 கிராம் வருகிறது. இப்போது யூனிட்டுக்குப் பாருங்கள். நுண்குமிழிப் பம்புக்கு நூற்றுக்கு நூறு போட்டும் ஒரு யூனிட்டுக்கு 90 கிராம். நூற்றுக்கு இரண்டு வாங்கிய ஏர் பம்புக்கு ஒரு யூனிட்டுக்கு 225 கிராம்.

இதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். காற்றை வீணாக்காத பம்ப் என்பதற்காகத்தானே 38,000 கொடுத்தேன். காற்று யார் வீட்டுச் சொத்து? அது சும்மா கிடைக்கிறது, எவ்வளவு வீணானால் எனக்கென்ன. காசு கொடுப்பது கரண்டுக்கு. சும்மா கிடைப்பதை மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்குவதைக் கொட்டியிருக்கிறேன்.

அதற்காக நுண்குமிழியே வீண் என்று சொல்லமாட்டேன். வாயுவுக்குக் காசு என்றால் கதையே மாறும். என் மீனை உயிரோடு மார்த்தாண்டத்துக்கு எடுத்துப்போகும் பையன் பிக்கப்பில் 500 லிட்டர் டாங்கும் ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்திருக்கிறான். தூய ஆக்சிஜன் என்பதால் தண்ணீர் காற்றிலிருந்து பிடிப்பதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு பிடிக்கும். ஆனால் சாதாரணக் கல்லில் விட்டால் அந்தக் காசும் பொட்டுப் பொட்டென்று மேலே உடைந்து போகிறது. அவனுக்கு என் பம்பைப் பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தூய ஆக்சிஜனோடு கிரீஸும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், இது அதற்குச் செய்த பம்ப் இல்லை. ஆக்சிஜனுக்கென்றே வரும் செராமிக் தட்டு வாங்கச் சொன்னேன். புகை மாதிரி நுண்ணிய குமிழி விடும், கரண்டே வேண்டாம், சிலிண்டர் அழுத்தமே போதும். முன்பு ஒரு சிலிண்டர் மூன்று ஓட்டத்துக்கு வந்தது, இப்போது ஐந்தாறு ஓட்டம் வருகிறது என்கிறான். நுண்குமிழி அவனுக்குத்தான் லாபம், எனக்கு இல்லை.

பம்பின் தரம் பற்றிச் சொல்லவேண்டுமே. ஸ்டீல் தலை நன்றாக இருக்கிறது, துரு இல்லை. சத்தம் அதிகம். கீச்சென்று ஒரு சுருதியில் ராத்திரி முழுக்க ஓடும், கீழ்வீட்டு மைனி இரண்டு தடவை வந்து "பிள்ளைக்குப் பரீட்சை" என்று சொல்லிவிட்டுப் போனாள். உறிஞ்சும் முனையில் திப்பி அடைக்கும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சைக் கழுவாவிட்டால் காற்றளவு பாதியாகிவிடும். நாலாவது மாதம் சீல் ஒழுகியது. கடைக்குச் சொன்னால் "இன்னைக்கு ஆள் வரும் டீச்சர்". அந்த இன்றைக்கு வர மூன்று வாரம் ஆனது. சீலுக்கு 650, ஆள் கூலி 500. வாரண்டி சீலுக்குக் கிடையாதாம்.

கரண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அதை முதலில் கேட்டிருக்கவேண்டும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கரண்டு வர 11 நாள் ஆனது. ரப்பர் மரமெல்லாம் கம்பிமேல் கிடந்தது. அப்போது தொட்டி இல்லை, நல்லவேளை. இப்போதும் இடவப்பாதி மழை காற்றோடு வந்தால் இங்கே கரண்டுக்கு உத்தரவாதம் இல்லை. ஏர் பம்ப் இரண்டையும் வீட்டு இன்வெர்ட்டர் இழுக்கும். ஒரு குதிரைத் திறன் மோட்டார் கிளம்பும்போது கேட்கும் கரண்டைப் பார்த்ததும் இன்வெர்ட்டர் கீக்கீ என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிட்டது. ஏர் பம்பும் நின்றது. மீன் சாக அரைமணி நேரம் போதும் என்கிற இடத்தில் இது விளையாட்டில்லை.

பங்குனியில் 1,100 ரூபாய்க்குக் கறுப்பு ரப்பர் நுண்துளைக் குழாய் 10 மீட்டர் வாங்கி, கல்லுக்குப் பதில் வட்டமாகச் சுற்றி அடியில் போட்டேன். இதற்கும் கடையில் பெயர் நானோ டியூப். குமிழி ஒரு மில்லிமீட்டர் இருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அதே இரண்டு ஏர் பம்பில் விடியற்காலை அளவு 4.3-க்கு வந்தது. மூன்றாவதாக ஒரு ஏர் பம்ப் சேர்த்ததும் 5.1. இரண்டும் சேர்த்து எனக்கு ஆன செலவு 6,000-க்குக் கீழே. வைகாசியில் பிடித்தபோது மீன் சராசரி 410 கிராம் இருந்தது.

அப்படியென்றால் அந்தப் பம்ப் இப்போது மூலையில் கிடக்கிறதா என்றால், இல்லை. இது நான் எதிர்பாராத உபயோகம். முதல் வாரத்திலேயே காலையில் தொட்டியின் மேல் பழுப்பு நுரை கட்டியிருப்பதைப் பார்த்திருந்தேன். என்னவோ கெட்டுவிட்டது என்று பயந்து அள்ளிக் கொட்டினேன். பிறகுதான் புரிந்தது, நுண்குமிழி திப்பியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்குகிறது. கழிவு நீர் சுத்தம் செய்யும் இடங்களில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், எண்ணெயையும் திப்பியையும் மிதக்கவிட்டு வழிப்பதற்கு. அங்கேயும் இதே நாலைந்து மடங்கு அழுத்தம், இதே 40, 50 மைக்ரான் குமிழி. பயோஃபிளாக்கில் திப்பி கூடிப்போவது எப்போதும் தலைவலி. கூடினால் மீனின் செவுள் அடைக்கும், ஆக்சிஜனையும் அதுவே தின்னும். முன்பு அடியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரோடு சேர்த்து வெளியே விடுவேன், 1,000 லிட்டர் தண்ணீர் வீண். இப்போது சனிக்கிழமை காலை ஏர் பம்பை நிறுத்திவிட்டு, இதை முக்கால் மணி நேரம் ஓட்டுகிறேன். மேலே அடை மாதிரித் திரள்வதைப் பழைய வேட்டித் துணி கட்டிய வளையத்தால் வழித்தெடுத்தால் இரண்டு வாளி கிடைக்கும். முடிந்ததும் உடனே ஏர் பம்பைப் போட்டுவிடவேண்டும், மறக்கக்கூடாது. வாளியிலிருப்பது மட்டி வாழைக்குப் போகிறது. போன குலையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் பம்பைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்தார்.

38,000 ரூபாய்க்கு வாரம் ஒருநாள் நுரை வழிக்கும் பம்ப் யாருக்கும் வேண்டியிருக்காது, எனக்கும் வேண்டியிருக்கவில்லை. 15,000 லிட்டர் அளவில் வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தக் காசில் ஏர் பம்ப் ஒன்று கூடுதலாக, நுண்துளைக் குழாய், நல்ல பேட்டரி இரண்டு என்று வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் சனிக்கிழமை காலை வாருங்கள். நுரை வழிப்பதைக் காட்டுகிறேன், அளவு ஜாடியும் இருக்கிறது. வரும்போது குமிழி அடியிலிருந்து தெளிவதைப் பார்க்கப் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், சுண்ணாம்புத் தண்ணீரும் கரைத்துப் பக்கத்தில் வைக்கிறேன்.